சங்கத்தை மூட ஆள் சேர்த்தவர்

தபால் நிலையத்துக்குப் போகும்போது கைப்பையில் மவுஸ் பேட் எடுத்துக்கொண்டு போகிற ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் கணினி கிடையாது. மகனுடைய பழைய மேசையிலிருந்து எடுத்த பேட் அது. அதில் அச்சிட்டிருந்த கால்பந்து வீரரின் முகம் தேய்ந்துபோய், ஒரு காதும் கழுத்தும் மட்டும் மிஞ்சியிருந்தன. கவுண்டரில் அதை விரித்து, அந்தக் கழுத்தின்மேல் தபால்தலை ஒட்டிய உறையை வைத்து, உள்ளே இருக்கும் இளைஞரிடம் "டிக், பெலான்-பெலான் யா" என்பார். மலாயில் தம்பி, மெதுவாக என்று பொருள். பலகை கல்போல இருந்தால் முத்திரையின் ஓரம் விழாது. அடியில் மெத்தென்று ஏதாவது இருந்தால் ஊர்ப்பெயர், தேதி, வட்டம் எல்லாம் முழுசாக விழும். தபால்தலை சேகரிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்ததைக் கவுண்டர் வரை தூக்கிக்கொண்டு போனவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் சங்கத்தில் அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட மூத்தவரான தலைவரும் அப்படித்தான்; அரசு கொடுத்த டத்தோ பட்டம் இருந்ததால் தலைவரை நாங்கள் டத்தோ என்போம். அக்காவின் பெயரை இங்கே எழுதினால், சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்து ஜொகூரில் மகள் வீட்டிலிருந்து போன் செய்வார். அதனால் எழுதவில்லை.

சங்கம் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மேல்மாடியில் இருந்தது. ஞாயிறு காலையில் கூட்டம். பதிவேட்டில் முப்பது பேர். வருவது ஐந்தாறு பேர். தபால்தலைகளை மாற்றிக்கொள்வது வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்ட பிறகு, நேரில் வந்தவர்களுக்குச் சென்ற கூட்டக் குறிப்பை வாசிப்பது, அதன்மேல் எழும் விவகாரங்கள், இதர விவகாரங்கள் என்று மூன்று அங்கங்கள்தான் மிச்சம். நான் செயலாளர். அரசாங்க அலுவலகத்தில் முப்பது ஆண்டு கோப்பு தள்ளியவன் என்பதால், எந்தச் சங்கத்தில் சேர்ந்தாலும் இந்தப் பதவியை என் தலையில் கட்டிவிடுவார்கள். விதிமுறை தெரிந்தவன் என்று ஒரு பெயர் உண்டு. புகழ்ச்சியாகச் சொன்னவர்கள் குறைவு.

நாங்கள் எல்லாரும் தபால்தலை சேகரித்தோம். அக்கா முத்திரை சேகரித்தார். தபால்தலையில் எந்தப் பூ, எந்தப் பறவை என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. எந்த ஊர், எந்தத் தேதி, வட்டம் முழுசா, அவ்வளவுதான். நான் சேர்த்தவை யாரும் பயன்படுத்தாத புதுத் தலைகள். கண்ணாடித் தாள் உறைக்குள் போட்டு, இடுக்கியால் மட்டும் தொடுவேன். ஒரு முறை என் ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

"எப்படி அக்கா?"

"எல்லாரும் பட்டதாரி சார். ஒருத்தன்கூட வேலைக்குப் போகல."

அன்றிலிருந்து அந்த ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு என் தங்கை மகன் ஞாபகம் வருகிறது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். அங்கே பத்திரங்களில் சாப் அடிப்பது அவர் பொறுப்பு. ரப்பர் முத்திரைக்கு இங்கே நாங்கள் சொல்லும் பெயர் சாப். ஒரு தாளில் சாப் மங்கலாக விழுந்துவிட்டால் ஒரு கண்டெய்னர் வாசலில் நிற்கும். கண்டெய்னர் நின்றால் லோரி நிற்கும். லோரி நின்றால் டிரைவர் இறங்கிவந்து அவர் மேசைக்கு முன்னால் நிற்பார். "டிரைவர் திட்டுறது பரவால்ல சார். திட்டாம அங்கயே உக்காந்து ரொட்டி சாப்புடுவாங்க பாருங்க, அதான் தாங்காது" என்பார். அந்தப் பழக்கம் வேலையை விட்ட பிறகும் அவரை விடவில்லை. பாதியாக விழுந்த எதையும் அவரால் வாங்கிக்கொண்டு போக முடியாது.

இருவரும் கிள்ளான்காரர்கள் என்பதால் ஞாயிறுதோறும் ஒரே கொமியூட்டர் ரயிலில் வருவோம். அவரோடு வெளியே போவதற்குக் கொஞ்சம் மனோதிடம் வேண்டும். கிளினிக்கில் ஒரு நாள் சர்க்கரைக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் அவரும் இருந்தார். தாதி அவருடைய அட்டையில் அடுத்த வருகைத் தேதியை சாப் அடித்துக் கொடுத்தார். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு நகராமல் நின்றார்.

"மிஸ்ஸி, தேதி பாதிதான் விழுந்திருக்கு."

"மாசம் தெரியுதுல்ல ஆன்டி. போதும்லா."

"மாசம் தெரியுது. நாள் தெரியல. மாசம் பூரா வந்துக்கிட்டே இருக்கவா?"

பின்னால் வரிசையில் முனகல் கேட்டது. நான் சுவரில் இருந்த டிங்கிக் காய்ச்சல் கொசு விளம்பரத்தை முதல்முறையாக முழுவதும் படித்தேன். தாதி மறுபடியும் அடித்தார். அக்கா நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார். ஊரே கேட்கும்படி, "செயலாளர் சார், உங்க அட்டையையும் காட்டுங்க" என்றார். காட்டினேன். அதிலும் பாதிதான் இருந்தது.

ஆனால் கோபத்தில் அவர் யாரிடமும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காப்பாரில் ஓர் அஞ்சலகத்தில் கவுண்டர் ஊழியர் அன்று எரிச்சலில் இருந்தார். மவுஸ் பேட்டை ஒதுக்கித் தள்ளிவிட்டு, உறையில் டப்பென்று ஒரு குத்து குத்தி நீட்டினார். கால் வட்டம். அக்கா அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார். மறுபடி முறை வந்ததும் புது உறை ஒன்றை நீட்டினார். இன்னொரு குத்து. அரை வட்டம். மீண்டும் கடைசிக்குப் போனார். மூன்றாம் முறை அந்த ஊழியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மவுஸ் பேட்டை அவரே எடுத்து வைத்து, ஒரு பழைய தாளில் அடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு உறையில் அடித்தார். அந்த உறையை அக்கா ஆல்பத்தில் வைத்தார். முதல் இரண்டையும் அதற்குப் பின்னால் சொருகினார். ஏன் என்று கேட்டேன். "அதுவும் அவர் அடிச்சதுதானே" என்றார்.

முத்திரை குத்திய உறையைப் பெட்டியில் போடாமல் கையில் திருப்பிக் கொடுக்கச் சில கவுண்டர்களில் தயங்குவார்கள். அது நியாயமான தயக்கம். அதற்காக நான் ஆண்டுதோறும் அவருக்கு ஒரு கடிதம் கொடுப்பேன்: இவர் எங்கள் சங்க உறுப்பினர், அஞ்சல் முத்திரை சேகரிப்பவர், உதவினால் நன்றியுடையோம். சங்கத்தின் தலைப்பு, பதிவு எண், என் கையெழுத்து. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவர் ரவாங் முதல் பந்திங் வரை போய் வந்துவிட்டார். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் இன்னும் சில அஞ்சலகங்கள் பாக்கி. ஒரு சின்ன அஞ்சலகம் இடம் மாறினாலோ மூடினாலோ அந்த ஊர் முத்திரை பிறகு கிடைக்காது என்பதால் அவருக்கு எப்போதும் ஓர் அவசரம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டத்தோ சங்கத்தை மூடலாம் என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக அவர்தான் தலைவர், வேறு யாரும் நிற்காததால். ஆண்டறிக்கை போகவில்லை என்றால் சங்கங்களின் பதிவிலாகாவிலிருந்து கடிதம் அவர் பெயருக்குத்தான் வரும். "ஆறு பேருக்கு எதுக்குலா ஒரு சங்கம்? ஒரு மேசை போதும்" என்றார்.

மூடுவதற்குக் கூட்டம் போட்டோம். ஆறு பேர் வந்தோம். நான் விதிமுறையைத் திறந்து வாசித்தேன். ஆண்டுக்கூட்டத்துக்குப் போதுமான ஆள் வராவிட்டால் ஒத்திவைக்கலாம். ஒத்திவைத்த கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாலும் நடத்தலாம். ஆனால் சங்கத்தைக் கலைக்க வேண்டுமானால் மொத்த உறுப்பினரில் ஐந்தில் மூன்று பங்கினர் நேரில் வந்து கை தூக்க வேண்டும். எங்கள் கணக்குக்குப் பதினெட்டுக் கை.

டத்தோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப உயிரோட இருக்க ரெண்டு பேர் போதும். சாகப் பதினெட்டுப் பேர் வேணும். அப்படித்தானே?"

"அப்படித்தான் டத்தோ."

"யாரு எழுதுனது இத?"

"எல்லாச் சங்கத்துக்கும் இதேதான். சங்கம் தொடங்குறவங்க இந்தப் பக்கம் வரைக்கும் படிக்கிறதில்ல."

யார் பதினெட்டுப் பேரைக் கூட்டுவது என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவர் பையின் ஜிப்பை மூடிக்கொண்டு சொன்னார்: "நான் கூட்டுறேன். ஆனா மூடுறதா இருந்தா சுத்தமா மூடணும். பாதி மூடி, பாதி திறந்து, அப்புறம் டத்தோ பேருக்குக் கடுதாசி வரக்கூடாது."

திரும்பி வரும் ரயிலில் கேட்டேன். "சங்கம் போனா உங்க கடிதமும் போயிரும். யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார்."

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"அவருக்கு அலுத்துப் போச்சு. என் சாப்புக்காக ஒரு மனுசனை நாற்காலியில கட்டி வைக்க முடியுமா?"

கிள்ளானில் இறங்கும்போது, பாக்கி இருக்கும் அஞ்சலகங்களின் பெயரை விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

கலைப்புக் கூட்டத்துக்கான அறிவிப்பை உறுப்பினரின் கையில் கொடுப்பது நல்லது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதனால் அடுத்த நான்கைந்து மாதங்கள் அவர் போன வீட்டுக்கெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கிள்ளானில் ஹமீது பாயின் ஜவுளிக்கடை. பாய் சேலை மடித்துக்கொண்டிருந்தார்.

"சங்கமா? அது இன்னும் இருக்காக்கா?"

"இருக்கு பாய். மூடத்தான் கூப்புட வந்தோம்."

"மூட நான் எதுக்குலா? கதவைச் சாத்துனா போச்சு."

"அதுக்குப் பதினெட்டுக் கை வேணுமாம். சார் சொல்றார்."

பாய் என்னைப் பார்த்தார். "அவர் சொல்வார்."

"சும்மா கையை வீசிக்கிட்டு வராதீங்க பாய். உங்ககிட்ட ரெட்டையா இருக்குற ஸ்டாம்பெல்லாம் எடுத்துட்டு வாங்க. அன்னைக்கு விட்டா அப்புறம் யார்கிட்ட மாத்துவீங்க?"

இதையே எல்லா வீட்டிலும் சொன்னார். கம்போங் மேடான் அடுக்குமாடியில் லிப்ட் வேலை செய்யாத ஒரு நாளில் நான்காவது மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். கேரி தீவில், தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற முனியாண்டி வீட்டு வாசலில் நின்று சொன்னார். பிற்பாடு சிலர் இதைத் தந்திரம் என்றார்கள். கூடவே போனவன் நான். எதையாவது கடைசியாகச் செய்வதென்றால் முழுசாகச் செய்ய வேண்டும் என்பதைத் தவிர அவர் மனதில் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு பூக்கடைக்காரம்மா மாடிப்படியில் ஏறும் ஆட்களைப் பார்த்துவிட்டு, மேலே கல்யாணமா என்று கேட்டார். இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். நாற்காலி பற்றவில்லை. பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டம். டத்தோ மேசையைத் தட்டினார், யாரும் திரும்பவில்லை. ஜன்னலோரம் ஹமீது பாய் ஓர் உறையைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்திருந்தார். தரையில் செய்தித்தாளை விரித்து நான்கு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். "இது ரெண்டுக்கு அது ஒண்ணு." "உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாண்ணே?" "பல்லு போன ஸ்டாம்பை வச்சுக்கிட்டு என்னா பேச்சு." வாட்ஸ்அப்பில் அந்த நான்கு பேரும் கட்டைவிரல் படத்துக்கு மேல் எதுவும் அனுப்பி நான் பார்த்ததில்லை.

முனியாண்டி ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்திருந்தார். டத்தோ நாற்காலியிலிருந்து எழுந்து, சும்மா பார்ப்பதுபோல் அதன் பக்கம் போனார். பழைய வண்ணத்துப்பூச்சி வரிசையை மாநிலவாரியாகச் சேர்ப்பவர் அவர். பெர்லிஸ் மாநிலத்துத் தலை ஒன்று அவருக்குப் பல ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை. வாங்க வசதியில்லாமல் இல்லை. காசு கொடுத்து வாங்கினால் அது சேகரிப்பு ஆகாது என்ற பிடிவாதம்.

"பெர்லிஸ் இருக்கா முனியாண்டி?"

"இந்த டின்னுல இல்ல டத்தோ. வீட்ல இன்னொண்ணு இருக்கு. பார்த்த ஞாபகம். அடுத்த ஞாயிறு கொண்டாறேன்."

"கண்டிப்பா கொண்டாங்க. மறந்துறாதீங்க."

நான் தொண்டையைச் செருமினேன். "டத்தோ, அடுத்த ஞாயிறு சங்கம் இருக்காது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், விதிமுறை தெரிந்தவர்களை உலகம் ஏன் விரும்புவதில்லை என்பது முழுசாகத் தெரிந்தது. அப்போதுதான் மற்றவர்களும் நிமிர்ந்தார்கள். அறையில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் அடுத்த ஞாயிறு ஏதோ கொண்டுவருவதாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

பதினொரு மணி தாண்டி ஒருவழியாகக் கூட்டம் தொடங்கியது. நான் தீர்மானத்தை வாசித்தேன். முன்மொழிந்தவர் டத்தோ என்று எழுதியிருந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றேன்.

ஒரே ஒரு கை எழுந்தது. அக்காவினுடையது.

ஹமீது பாய் திரும்பிப் பார்த்தார். "அக்கா, எங்கள வீடு வீடா வந்து கூப்புட்டுட்டு நீங்களே மூடச் சொல்றீங்களா?"

"மூடத்தானே பாய் கூப்புட்டேன்."

"இப்ப எறக்குங்கலா கையை."

"டத்தோகிட்ட கூட்டித் தர்றேன்னு சொன்னேன். சொன்னா சொன்னதுதான்." டத்தோ பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் தூக்கல? நீங்கதானே மூடணும்னீங்க?"

டத்தோ நெக்டையைச் சரிசெய்தார். "நான் தலைவர் நாற்காலியில இருக்கேன்லா அக்கா. நடுநிலையா இருக்கணும். என்ன செயலாளர்?"

அப்படி ஒரு விதி இல்லை. தலைவருக்கும் ஓட்டு உண்டு. "ஆமா டத்தோ" என்றேன்.

அக்கா கையை இறக்கவில்லை. நான் எண்ணி, எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டும் வரை அப்படியே நின்றார். ஆதரவு ஒன்று. தீர்மானம் தோல்வி. படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையை இறக்கினார். யாரோ கைதட்ட, அது பரவியது. எதற்குத் தட்டினார்கள் என்று அவர்களுக்கே தெளிவாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

சத்தம் அடங்கியதும் அக்கா என் மேசைக்கு வந்தார்.

"அப்ப சார், என் கடுதாசி."

"என்ன கடுதாசி?"

"வருசக் கடுதாசி. பழையது முடிஞ்சு நாலு மாசமாச்சு."

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு மாதமாக அவர் எந்த அஞ்சலகத்துக்கும் போகவில்லை. அந்த நான்கு மாதமும் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"ஏன் கேக்கல அக்கா? கேட்டிருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பேனே."

"மூடப்போற சங்கத்துக்கிட்ட போய்க் கேக்குறது நல்லா இருக்காது சார். நாளைக்கு யாராச்சும் சங்கம் எங்கன்னு கேட்டா?"

செயற்குழு ஒப்புதல் வேண்டும் என்று ஆரம்பித்தேன். அது என் வாயில் ஊறிப்போனது. செயற்குழு முழுவதும் முனியாண்டியின் டின்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. நான் முன்மொழிந்தேன். டத்தோ டின்னிலிருந்து தலையைத் தூக்காமல் வழிமொழிந்தார். அன்று நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். திங்கட்கிழமை கடிதத்தைத் தட்டச்சு செய்து அவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

புதன்கிழமை பகலில் டத்தோவின் போன் வந்தது. பின்னணியில் யாரோ அடுத்த ஆளைக் கூவிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"செயலாளர், எங்க இருக்கீங்க?"

"வீட்ல. நீங்க?"

"கேரி தீவுக்குப் போற வழியில ஒரு போஸ்ட் ஆபீஸ்ல. முனியாண்டி வீட்டுக்கு அந்த டின்னைப் பார்க்கக் கிளம்புனேன். எப்படியும் அந்தப் பக்கம் போறேனேன்னு அக்காவையும் ஏத்திக்கிட்டேன். தப்பு பண்ணிட்டேன்."

"ஏன்?"

"என் கையில ரெண்டு உறையைக் கொடுத்து வரிசையில நிக்கச் சொன்னாங்க. நின்னேன். சாப் கொஞ்சம் மங்கலா விழுந்திருக்கு. மறுபடியும் கடைசியில போய் நில்லுங்கன்னு சொல்றாங்க. எனக்கு எழுபத்தாறு வயசுலா. இதுக்கு ஏதாச்சும் விதி இருக்கா?"

"இல்ல டத்தோ," என்றேன். "நில்லுங்க."